போர்ஷன் முடிந்தது, பிள்ளை எங்கே நிற்கிறது?

ஒரே ஒரு தாள். அதில் ஒரு பக்கம் சில எழுத்துகள், பக்கத்தில் சில எளிய சொற்கள், கீழே ஒன்றாம் வகுப்புத் தரத்தில் நாலு வரிப் பத்தி, அதற்கும் கீழே இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கக்கூடிய ஒரு சின்னக் கதை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் பத்தியைக் காட்டுவார்கள். தடையில்லாமல் வாசித்தால் கதைக்குப் போவார்கள். திணறினால் சொற்களுக்கு, அதிலும் திணறினால் எழுத்துகளுக்கு இறங்குவார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் 'அசர்' ஆய்வின் வாசிப்புச் சோதனை இவ்வளவுதான். சில நிமிட வேலை. 2018-ல் ஐந்தாம் வகுப்பில் இருந்த கிராமப்புறப் பிள்ளைகளில் 50.5 விழுக்காட்டினரால்தான் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த பிறகு, 2022-ல், அது 42.8 ஆகச் சரிந்தது.

வாசிக்கத் திணறும் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதவர்கள் அல்லர். சீருடை போட்டுக்கொண்டு வருகிறார்கள், மதிய உணவு சாப்பிடுகிறார்கள், ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். சிக்கல் வகுப்பறைக்குள்ளேதான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நடத்துகிறார். முன்வரிசையில் நாலைந்து பிள்ளைகள் அவரோடு போகிறார்கள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தெரியாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டியபின் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர யாருக்கும் பாடவேளை இல்லை. டெல்லியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வொன்று, கணக்கில் அவர்கள் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருப்பதைக் கண்டது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்று, நான்காம் வகுப்புக் கணக்குதான் வருகிறது. மேல்வகுப்புக்குப் போகப்போக அந்த இடைவெளி இன்னும் அகலமானது.

ஆசிரியர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் தலைக்குமேல் வேறொரு கடமை இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி இவற்றில் எதைக் கேட்கிறார்? போர்ஷன் முடிந்ததா என்பதைத்தான். கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியப் பள்ளிகளில் நடந்த மிக முக்கியமான ஆய்வுகள் பலவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வந்திருக்கின்றன என்று சொல்வேன்.

கதை மும்பையிலும் வதோதராவிலும் தொடங்குகிறது. 1995-ல் மும்பையில் பிறந்த பிரதம், மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவ 'பால்சகி' என்ற ஏற்பாட்டைச் செய்தது. அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண் ஒருவர், 15 முதல் 20 பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய் எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவார். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். பி.எட். கிடையாது, பெரிய பயிற்சியும் கிடையாது.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க 2001 முதல் 2003 வரை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் கையாண்ட முறை குலுக்கல். எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்குப் பால்சகி என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்வார்கள். நல்ல தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளிகளையே பொறுக்கி எடுத்துவிட்டால், பிள்ளைகள் முன்னேறியது திட்டத்தாலா அவராலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். குலுக்கலில் அந்தச் சந்தேகம் எழாது. மருந்துகளைச் சோதிப்பதும் இப்படித்தான். ஏழ்மையைக் குறைக்கும் வழிகளை இவ்வாறு களத்தில் சோதித்துப் பார்த்ததற்காகவே பானர்ஜி, டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளியல் நோபல் கிடைத்தது.

விளைவை ஆய்வாளர்கள் ஒரு புள்ளியியல் அளவில் சொல்வார்கள். அதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் 50-ஆவது பிள்ளை, பால்சகி வந்த இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் 39-ஆவது இடத்துக்கு முன்னேறியிருக்கும். செலவைப் பார்த்தால் இது பெரிய பலன். அதைவிட என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. பின்தங்கிய பிள்ளைகள் வெளியே போனதும் ஆசிரியரின் வகுப்பில் கூட்டம் குறைந்ததல்லவா? அங்கே மிஞ்சியிருந்த பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பலன் அத்தனையும் வெளியே போன பிள்ளைகளுக்கே. வகுப்பில் தலைகள் குறைந்தால் மட்டும் போதாது, நடத்துகிற பாடம் பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது 2005-06-ல் உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டம். இங்கே பிரதம் ஊழியர்கள் சில ஊர்களில் ஊர்க்கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு கல்விக் குழு இருக்கிறது, அதற்கு இன்னின்ன அதிகாரங்கள் உண்டு என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். வேறு சில ஊர்களில், பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கவும் மக்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாலும் பள்ளியில் எதுவும் மாறவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் இளைஞர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்த வைத்தார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். எல்லாப் பிள்ளைகளையும் எட்ட வேண்டுமென்றால் அவர்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குத்தான், பள்ளிக்குத்தான், போயாக வேண்டும்.

பள்ளிக்குள் போனபோது நடந்ததுதான் இந்த ஆய்வுகளின் மையம். கல்வித்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பீகாரில் நடந்ததைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2008 கோடை விடுமுறையில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தினார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தந்தார்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடைத்தது. வந்த பிள்ளைகள் ஒரே மாதத்தில் முன்னேறினார்கள். அரசு ஆசிரியருக்குச் சொல்லித்தர வராது என்ற பேச்சு அங்கேயே பொய்யானது. பள்ளி திறந்தது. அதே முறைக்கான பயிற்சி, அதே எழுத்து அட்டைகள், அதே கதைத் தாள்கள் பள்ளிகளுக்கு வந்தன. சில பள்ளிகளுக்குப் பொருள்கள் மட்டும், சில பள்ளிகளுக்குப் பொருள்களோடு பயிற்சியும். ஆண்டு முடிவில் இரண்டு வகைப் பள்ளிகளிலும் பலன் இல்லை. கோடையில் வேலை செய்த முறை பள்ளி மணி அடித்ததும் நின்றுபோனது. பயிற்சியோடு தன்னார்வலர்களும் போன பள்ளிகளில் மட்டும் பலன் தெரிந்தது. காரணம், அந்தத் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைத் தனியே வைத்துக்கொண்டு சொல்லித்தந்தார்கள்.

உத்தராகண்டிலும் தன்னார்வலர்கள் போனார்கள். அங்கே பலன் பூஜ்யம். ஆள் பற்றாக்குறையில் தவித்த பள்ளிகள் அவர்களைத் துணை ஆசிரியர்களாக வைத்துக்கொண்டன. அவர்களும் புத்தகத்தை எடுத்துப் போர்ஷன் நடத்தினார்கள். பள்ளியின் வழக்கமான ஓட்டம் புதிதாக வந்தவர்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆக, முறையில் குறையில்லை, ஆசிரியரின் திறமையிலும் குறையில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் இன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்து, எழுத்துக்கூட்டத் தெரியாத பத்துப் பேரோடு உட்கார ஆசிரியருக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. வாய்மொழியாகக் கொடுத்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். அடுத்த வாரம் அதிகாரி வந்து பாடக்குறிப்பேட்டைத்தான் புரட்டுவார் என்பது அவருக்குத் தெரியும். கற்பித்தல் பற்றிய ஆய்வு தலைமை பற்றிய ஆய்வாக மாறுவது இந்த இடத்தில்தான்.

2012-13-ல் ஹரியானாவில் குருக்ஷேத்ரா, மகேந்திரகர் மாவட்டங்களில் மறுபடி முயன்றார்கள். இந்தமுறை மூன்றே மாற்றங்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தை அரசே இதற்கென்று ஒதுக்கியது; அந்த நேரத்தில் போர்ஷன் கிடையாது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஒரு மணி நேரம் மட்டும் வகுப்பைப் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்றாவது மாற்றம்தான் அடிப்படையானது. பள்ளிகளைக் கண்காணிக்கும் வட்டார அளவிலான ஒருங்கிணைப்பாளர்கள், நம்மூர் ஆசிரியர் பயிற்றுநர்களைப் போன்றவர்கள், முதலில் தாங்களே இந்த முறையில் இரண்டு, மூன்று வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிகளைப் பார்வையிட்டார்கள். இந்தி வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. அதே நூறு பேர் வரிசையில் சொன்னால் 50-ஆவது பிள்ளை 44-ஆவது இடத்துக்கு வந்தது. பால்சகியைவிடக் குறைவுதான். ஆனால் அரசுப் பள்ளிக்குள், அரசு ஆசிரியர்களை வைத்து, பள்ளி நேரத்திலேயே கிடைத்த பலன் இது.

கண்காணிப்பவர் தானே பாடம் நடத்தியிருந்தால் என்ன மாறும்? எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகும்போது பிள்ளை எங்கே தட்டுத்தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும். "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்க மாட்டார், "இந்தப் பையன் போன மாசம் சொல்லில் நின்றானே, இப்போ பத்திக்கு வந்துட்டானா?" என்று கேட்பார். ஆசிரியரும் அவரிடம் சிக்கலைச் சொல்வார், ஏனென்றால் சொன்னால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை இருக்கிறது. பதிவேட்டோடு மட்டும் வருகிறவரிடம் யாரும் சிக்கலைச் சொல்வதில்லை, பதிவேட்டைத்தான் நீட்டுவார்கள்.

நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் 2008-ல் தன் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு இதே இடத்தைத்தான் வேறு திசையிலிருந்து வந்தடைகிறது. பள்ளித் தலைமை பற்றி ஏற்கெனவே வெளியான 27 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பெரிய இலக்குகளைச் சொல்லி ஆசிரியர்களை ஊக்கப்படுத்தும் தலைமைக்கும், பாடம் நடத்துவதிலேயே நேரடியாக ஈடுபடும் தலைமைக்கும் பிள்ளைகளின் கற்றலில் எவ்வளவு வேறுபாடு என்பது கேள்வி. இரண்டாவது வகையின் பலன் மூன்று, நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. அதிலும், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைமை ஆசிரியரும் ஒரு கற்பவராக உட்காருவதே எல்லாவற்றிலும் வலுவான தொடர்பைக் காட்டியது. இவை குலுக்கல் ஆய்வுகள் அல்ல. நல்ல பள்ளிகளுக்கு அப்படிப்பட்ட தலைமை ஆசிரியர்கள் வந்து சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஆசிரியர் பயிற்சி நடக்கும் நாளில் எச்.எம். கையெழுத்துப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடுவதற்கும், கடைசிவரை கூடவே உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கச் சான்று மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது. பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்த அங்கே பெரிய முயற்சி நடந்தது. குலுக்கலில் தேர்வான 1,774 பள்ளிகளில் விரிவான மதிப்பீடு, தரக்குறியீடு, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே முன்னேற்றத் திட்டம் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. மதிப்பீடு ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் முடிந்தது. அது பள்ளிகளின் நிலையைச் சரியாகவே காட்டியது. ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் விளைவை அளந்தார்கள். பள்ளி நடக்கும் விதத்திலும் மாற்றமில்லை, பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றமில்லை. களத்தில் இருந்தவர்களிடம் பேசியபோது, கூடியது எழுத்து வேலையும் அறிக்கை அனுப்புவதும்தான் என்று தெரிந்தது. இருந்தும் அந்தத் திட்டம் நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவானது. வேலை முடிந்ததற்கு அடையாளமாகத் தாள் இருந்தது, அந்தத் தாளே வெற்றியாகக் கணக்கில் ஏறிவிட்டது.

ஹரியானாவிலும் இதுபோன்ற ஒரு சோதனை நடந்தது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைச் சில பள்ளிகளில் கொண்டுவந்து அளந்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை. 2012-13-ல் முப்பருவ முறையோடு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் அந்தப் பெயருள்ள மதிப்பீடுதான். மதிப்பிடுவது தவறென்று இதற்குப் பொருளில்லை. 'அசர்' தாளும் மதிப்பீடுதானே. இன்று மாலை பதிவேட்டில் ஏறிய மதிப்பெண்ணால் நாளைக் காலை யாரோடு எந்தப் பாடத்தைத் தொடங்குவது என்பது மாற வேண்டும். மாறவில்லையென்றால் அது ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது, அவ்வளவுதான். பள்ளித் தரவுகளை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவேற்றம் பற்றித் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறையை இந்த வெளிச்சத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவதாகிவிடாதா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'மெல்லக் கற்போர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. கென்யாவில் 2005-ல் 121 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பை மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள், மற்றவற்றில் கலந்தே வைத்தார்கள். பிரித்த பள்ளிகளில் மேல்நிலைப் பிள்ளைகளும் கீழ்நிலைப் பிள்ளைகளும் சேர்ந்தே முன்னேறினார்கள். ஆசிரியர் ஒரு நிலைக்கு ஏற்ப நடத்த முடிந்தது என்பதுதான் காரணமாகத் தெரிகிறது. பிரதம் முறையில் பிரிவினை இன்னும் லேசானது. நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் தனிக் குழு. மறுபடி சோதித்துப் பார்த்து, முன்னேறிய பிள்ளையை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் ஒரே குழுவில் ஒரு பிள்ளை இருந்தால், அது பிள்ளையின் குறையல்ல, குழு நடத்தப்படும் விதத்தின் குறை.

2013-14-ல் உத்தரப்பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களும் தன்னார்வலர்களும் பள்ளிகளுக்குள்ளேயே முகாம் நடத்தினார்கள். பத்து நாள், இருபது நாள் என்று விட்டுவிட்டு, மொத்தம் சுமார் ஐம்பது நாள். முடிவில் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் பத்தியோ கதையோ வாசித்தார்கள். முகாம் நடக்காத பள்ளிகளில் கால்வாசிப் பேர்தான். நடுவில் நின்ற பிள்ளை 50-லிருந்து 24-ஆவது இடத்துக்குப் போனதற்குச் சமம் இது. நான்கைந்து ஆண்டு பள்ளிக்கு வந்தும் வராத வாசிப்பு, ஐம்பது நாளில் வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டை முறையைப் பின்பற்றி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னின்று நடத்தினார். 2007-08-ல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறும் என்பதே அதன் கருத்து. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்தே பிரிக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் துல்லியமாக அளக்கப்பட்டது இல்லம் தேடிக் கல்விதான். ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. கணக்கில், நடுவில் நிற்க வேண்டிய பிள்ளை 76-ஆவது இடத்துக்குப் போயிருந்தது. தமிழில் இழப்பு அதில் பாதியளவு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியது. நிரம்பியதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தந்த தன்னார்வலர்களின் உழைப்பு அது. அவர்களுக்குப் போர்ஷன் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

பள்ளிக்குள் அந்த விடுதலையைக் கொடுக்கக் கூடியவர் தலைமை ஆசிரியர். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு மணி நேரம் கலந்து உட்காரட்டும், கடைசிக் குழுவை நான் எடுக்கிறேன் என்று அவர் சொன்னால், மற்ற ஆசிரியர்களுக்கு வேறு ஆணை தேவைப்படாது. அவருக்கும் மேலிருந்து அதே அனுமதி வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்குள் நுழைந்ததும் பதிவேட்டைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டால், ஒரே ஆண்டில் அந்த வட்டாரத்தின் பள்ளிகள் எதை முக்கியமாக நினைக்கின்றன என்பது மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு மேல் என்ன செய்வது என்பதற்கு இவ்வளவு வலுவான சான்றுகள் இன்னும் இல்லை. அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர்; அறிவியல் ஆசிரியரின் பாடவேளையில் வாசிக்கத் தெரியாத பிள்ளை யாருடைய பொறுப்பு என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. 2025-26 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் அடிப்படைத் திறனில் பின்தங்கிய மாணவர்களுக்காகத் 'திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்கென்று ஒதுக்கிய நேரம் அதற்கே கிடைக்கிறதா, குழு மாறுகிறதா, பள்ளியைப் பார்வையிட வருகிறவர் தானும் ஒருமுறை அந்தக் குழுவோடு உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறாரா என்பதையெல்லாம் இப்போதே பார்த்து அளக்க முடியும்.